பழுதுன்னு மூடி வச்ச கருவியை ஒருதடவை தொறந்து பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு தகப்பனார் எழுதியிருந்தாரு. அவரு மக எம்.எஸ்சி. இயற்பியல் படிக்காளாம், லேப்ல மைக்கல்சன் இன்டர்ஃபெரோமீட்டர் பழுதுன்னு துணியைப் போட்டு மூடி வச்சிருக்காங்களாம், சீனியர் ரெக்கார்ட் நோட்டைப் பாத்து ரீடிங்கை அப்படியே எழுதிக்கோன்னு சொல்லிட்டாங்களாம், அதனால எல்லா காலேஜுக்கும் அரசாங்கம் புது கருவி வாங்கிக் கொடுக்கணும்னு கேட்டிருந்தாரு. படிச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. நாலு நாளா எழுதணும் எழுதணும்னு இருந்து இன்னைக்குத்தான் மகன் செல்லுல டைப் பண்ணி அனுப்புதேன், எழுத்துப்பிழை இருந்தா நீங்க திருத்திக்கிடுங்க.

நான் இந்த மாவட்டத்துல ஒரு காலேஜ்ல இயற்பியல் ஆய்வக உதவியாளரா 31 வருஷம் வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவன். அந்தத் தகப்பனார் எழுதுனதுல ஒரு சொல்லுகூட மிகை இல்ல. செய்யாத சோதனைக்கு ரீடிங் எழுத வைக்கது பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்குறதுதான். ஆனா புது கருவின்னு கேட்டாரு பாருங்க, அந்த எடத்துலதான் நான் ஒண்ணு சொல்லணும். பழுதுன்னு என் கையில வந்த ஒளியியல் கருவியில உண்மையிலேயே உடைஞ்சு கெட்டுப்போனது ரொம்பக் கொஞ்சம். மத்ததெல்லாம் அலைன்மென்ட் போனது. கண்ணாடி நல்லாத்தான் இருக்கும், லென்ஸ் நல்லாத்தான் இருக்கும், ஒண்ணுக்கொண்ணு நேரா நிக்காது, அவ்வளவுதான். புதுசு வாங்கி வச்சாலும் ஆறு மாசத்துல அதுவும் அப்படித்தான் ஆவும், திருப்பி நேராக்கத் தெரிஞ்ச ஆளு லேப்ல இல்லன்னா அதுக்கும் ஒரு துணி வாங்க வேண்டியதுதான்.

இந்தக் கருவியைப் பாக்காதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுதேன். அதுல மோட்டார் கிடையாது, சர்க்கியூட் போர்டு கிடையாது. கனமான ஒரு இரும்பு அடிப்பலகை, ரெண்டு கண்ணாடி, நடுவுல 45 டிகிரி சாய்வா நின்னு பாதி ஒளியை நேரா விட்டு மீதியைத் திருப்பி விடுத பீம் ஸ்ப்ளிட்டர், அதே கனத்துல இன்னொரு தகடு, கொஞ்சம் ஸ்க்ரூ, கண்ணாடியை நுணுக்கமா நகத்தி அளக்க ஒரு மைக்ரோமீட்டர். ஒளி ரெண்டா பிரிஞ்சு ஆளுக்கொரு கண்ணாடியில பட்டுத் திரும்பி வந்து மறுபடி சேரும்போது இருட்டும் வெளிச்சமுமா வளையம் வளையமா தெரியும். ஹீலியம் நியான் லேசர் அலைநீளம் 632.8 நானோமீட்டர், ஒரு கண்ணாடியை அதுல பாதி, அதாவது 0.000316 மில்லிமீட்டர் நகத்துனா ஒரு வளையம் புதுசா பிறக்கும், இல்லன்னா ஒண்ணு நடுவுல மறையும். தலைமுடி கனத்தை ஏறக்குறைய 200 பங்கு வச்சா ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு. அதை வெறுங்கண்ணால பாத்து எண்ணிரலாம், அதுதான் இந்தக் கருவியோட அழகு. இதை எண்ணிப் பாக்காம ஒரு பிள்ளை எம்.எஸ்சி. முடிச்சுப் போகுதுன்னா எனக்குத் தாங்கல.

ஒரு வருஷம் ஏப்ரல்ல நடந்ததைச் சொல்லுதேன். பிராக்டிகல் பரீட்சைக்கு நாலு நாள்தான் இருக்கு, வளையமே வரல. ரெண்டு லெக்சரர் பாத்தாச்சு, ஒரு பேட்ச் பிள்ளைங்க பூரா பாத்தாச்சு. கம்பெனிக்காரங்க வந்தாத்தான் சரியாவும்னு சொல்லிட்டாங்க, அவங்க வாரதுக்கே பெரிய தொகையா கேட்டாங்க. ஹெச்.ஓ.டி. சார் என்னைக் கூப்பிட்டு, "விடுங்க அண்ணாச்சி, கண்டம் லிஸ்ட்ல, அதான் கழிச்சுக் கட்டுத பட்டியல்ல, எழுதிருவோம், பரீட்சைக்கு வேற சோதனை வச்சுக்கிடலாம்"னாரு. நான் ஒரே ஒரு நாள் கேட்டு வாங்குனேன். நாங்குநேரி பக்கத்துல இருந்து வார ஒரு பிள்ளை, நல்ல பொறுமைசாலி, நானும் இருக்கேன் அண்ணாச்சின்னு கூட உக்காந்துக்கிட்டா.

மொதல்ல நாங்க எந்த ஸ்க்ரூவையும் தொடல. இதைத்தான் நான் அழுத்திச் சொல்லுவேன். வளையம் வரலன்னா எல்லாருக்கும் கை நேரா கண்ணாடிக்குப் பின்னால இருக்க ஸ்க்ரூவுக்குத்தான் போகும், இவன் கொஞ்சம் திருக, அடுத்தவன் அதைத் திருப்பிவிட, ஒரு கண்ணாடியில ரெண்டு மூணு ஸ்க்ரூ, ரெண்டு கண்ணாடி, இருவது பேர் கை. சாயங்காலத்துக்குள்ள கருவி எங்க இருந்து கிளம்புச்சுன்னே யாருக்கும் தெரியாது. கண்ணாடியை ஒரு டிகிரி திருப்பினா அதுல பட்டு வார ஒளி ரெண்டு டிகிரி திரும்பும், மூணு மீட்டர் தள்ளி சுவத்துல பாத்தா 10 சென்டிமீட்டர் நகந்திருக்கும். அப்படின்னா கண்ணுக்கே தெரியாத திருகலுக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

வீடு கட்டுத கொத்தனார் என்ன செய்வாரு? ரசமட்டம் வைக்காம, டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாக்காம அடுத்த வரி கல்லை எடுக்க மாட்டாரு. நாங்களும் அதைத்தான் செஞ்சோம். கருவியை அப்படியே ஓரமா தள்ளி வச்சிட்டு லேசரை மட்டும் போட்டோம், அரைமணி நேரம் சும்மா எரிய விட்டோம், ஏன்னா போட்ட உடனே லேசர் ஒரு நிலைக்கு வராது, சூடேறுத வரைக்கும் ஒளி லேசா அசைஞ்சுக்கிட்டே இருக்கும். பெறவு ஒரு வெள்ளை அட்டையும் ஸ்கேலும் எடுத்து லேசர் வாயிலயே டேபிள்ல இருந்து உயரம் அளந்தோம், 11 சென்டிமீட்டர். அதே டேபிள் உயரத்துல மூணு மீட்டர் தள்ளி அளந்தோம், 12.4. ஒளி மேல ஏறிக்கிட்டுப் போகுது! குனிஞ்சு பாத்தா லேசர் ஸ்டாண்டுக்கு அடியில யாரோ பேப்பரை நாலா மடிச்சு வச்சிருக்காங்க. ஸ்டாண்டு ஆடுதுன்னு வச்சிருப்பாங்க, பாவம், நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க. ஆனா அடிமட்டம் தப்புனா மேல எத்தனை ஸ்க்ரூ திருகி என்ன பிரயோஜனம். பேப்பரை எடுத்துட்டு, ஆடுத காலுக்கு வாஷர் போட்டு, ரெண்டு எடத்துலயும் 11 வருத வரைக்கும் சரிபண்ணுனோம். இதுக்கே ஒரு மணி நேரம்.

அடுத்து கருவியை வச்சு ஒரு கண்ணாடியை அட்டையால மறைச்சுட்டோம். ஒரு நேரத்துல ஒரு பாதைதான் பாக்கணும். முதல் கண்ணாடியில பட்டுத் திரும்புத ஒளி வந்த வழியே போயி லேசர் வாய்க்குப் பக்கத்துல விழணும், அது ரெண்டு விரக்கடை தள்ளி விழுந்துச்சு, சரி பண்ணுனோம். அட்டையை மாத்தி வச்சு ரெண்டாவது கண்ணாடிக்கும் அதே மாதிரி. பெறவு அட்டையை எடுத்துட்டு எதிர் சுவத்தைப் பாத்தோம். சுவத்துல ரெண்டு புள்ளிதான் தெரியும்னு புக்குல போட்டிருக்கும், உண்மையில அஞ்சாறு புள்ளி தெரியும், ஏன்னா பீம் ஸ்ப்ளிட்டருக்கு ரெண்டு முகம் இருக்கு, ரெண்டாவது முகமும் கொஞ்சம் ஒளியைத் திருப்பும். அது மங்கலான ஆவிப்புள்ளி. பிள்ளைங்க அவசரத்துல ஒரு கண்ணாடியோட நல்ல புள்ளியை எடுத்து இன்னொண்ணோட ஆவிப்புள்ளி மேல கொண்டுபோய் வச்சிட்டு, புள்ளி சேந்துட்டு வளையம் மட்டும் வரலியேன்னு தலையில கை வைக்கும். எது எந்தக் கண்ணாடியோட புள்ளின்னு அட்டையால மறைச்சு மறைச்சுப் பாத்து, ரெண்டு பக்கத்துலயும் பளிச்சுன்னு இருக்கதை மட்டும் சேக்கணும். சரியா சேந்த நிமிஷம் அந்தப் புள்ளி மினுக்கு மினுக்குன்னு துடிக்கும் பாருங்க, அது துடிச்சாத்தான் உள்ள இருட்டும் வெளிச்சமுமா வரி விழுந்திருக்குன்னு அர்த்தம்.

அது துடிச்சதும் அந்தப் பிள்ளை கைய தட்டிட்டா. லென்ஸை வச்சு விரிச்சோம், வளையம் இல்ல, சீப்புப் பல்லு மாதிரி நெருக்கமா கோடு கோடா வந்துச்சு. "போச்சு, வராது போலிருக்கு அண்ணாச்சி"ன்னா. வரும் தாயி, கோடு வந்தாலே பாதி வந்த மாதிரின்னேன். நெருக்கமான கோடுன்னா ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இன்னும் கோணம் இருக்குன்னுதான் அர்த்தம், வளையத்தோட நடுப்புள்ளி எங்கயோ தள்ளி வெளிய நிக்கி. ஒரே ஒரு கண்ணாடி, அதுல ஒரே ஒரு ஸ்க்ரூ, மெதுவா. கோடு அகலமாச்சுன்னா சரியான பக்கம் திருகுதோம், இன்னும் நெருங்குச்சுன்னா தப்பான பக்கம். கோடு அகலமாகி, வளைஞ்சு, வில்லு மாதிரி ஆகி, கடைசியில வட்டம் நடுவுல வந்து உக்காந்துச்சு. மணி ரெண்டரை, ரெண்டு பேருமே சாப்பிடல.

ஆனா அஞ்சு நிமிஷத்துல வளையம் ஓடிப் போச்சு. திரும்பக் கொண்டுவந்தோம், திரும்ப ஓடுச்சு. அப்பதான் தெரிஞ்சது, பேப்பர் மடிப்பு ஒரு தப்பு, அதுக்கு மேல இன்னொரு தப்பும் ஒளிஞ்சிருக்குன்னு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பென்சிலோட பின்பக்கத்தால ஒவ்வொரு ஸ்டாண்டையும் மெதுவா ஒரு தட்டு தட்டணும், தட்டிட்டு வளையத்தைப் பாக்கணும். இறுக்கமா இருக்க பாகம்னா வளையம் குலுங்கிட்டு அதே எடத்துக்கு வந்து நிக்கும். லூசா இருக்க பாகம்னா வேற எடத்துல வந்து நிக்கும். முதல் கண்ணாடி, திரும்பி வந்துச்சு. பீம் ஸ்ப்ளிட்டர், திரும்பி வந்துச்சு. ரெண்டாவது கண்ணாடியைத் தட்டுனதும் நடுப்புள்ளி வேற எங்கயோ போய் நின்னுச்சு. பின்னால பாத்தா கண்ணாடியைப் பிடிச்சிருக்க லாக் நட்டு அரை மரை கழண்டிருக்கு. ஸ்பேனரால ஒரு திருகு, அவ்வளவுதான் செலவு. பரீட்சையில அந்தப் பிள்ளை தன் கையால 20 வளையம் எண்ணி போட்ட கணக்குல 6300 சொச்சம் ஆங்ஸ்ட்ராம், அதாவது 630 சொச்சம் நானோமீட்டர் வந்துச்சு. கண்டம் லிஸ்ட்டுக்குப் போக இருந்த கருவி நான் ரிட்டயர்டு ஆவுத வரைக்கும் ஓடுச்சு.

இன்னொரு விசயமும் சொல்லணும், அலைன்மென்ட் போகாமலே போயிட்டுன்னு நினைக்க வைக்கது. சோடியம் லேம்ப் போட்டு செய்யும்போது மைக்ரோமீட்டரை நகத்திக்கிட்டே போனா தெளிவா இருந்த வளையம் மங்கிக்கிட்டே வந்து ஒரு எடத்துல சுத்தமா காணாமப் போயிரும். உடனே பிள்ளைங்க பயந்து போயி கண்ணாடி ஸ்க்ரூவைத் திருகிருவாங்க, அத்தோட முடிஞ்சது. அது தப்பே இல்ல சார், சோடியம் மஞ்சள் ஒளி ஒண்ணு இல்ல ரெண்டு, 5890 ஆங்ஸ்ட்ராம் ஒண்ணு, 5896 ஒண்ணு, ஒண்ணோட வெளிச்ச வளையம் இன்னொண்ணோட இருட்டுல விழும்போது வளையம் அழிஞ்ச மாதிரி தெரியும். கையை ஸ்க்ரூவுல இருந்து எடுத்துட்டு மைக்ரோமீட்டரை இன்னும் நகத்துனா தானா திரும்பி வரும், 0.29 மில்லிமீட்டருக்கு ஒருதடவை இப்படிப் போயிப் போயி வரும். அந்த ரெண்டு அலைநீளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கதே இதை வச்சுத்தான். இதைச் சொல்லிக் கொடுக்க பக்கத்துல ஒரு ஆளு நிக்கணுமா வேண்டாமா?

நம்ம ஊரு வெயிலும் காத்தும் வேற. பாளையங்கோட்டையில மே மாசம் மத்தியானம் லேப் உள்ள எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். லேசர், லென்ஸ் ஏத்தி வைக்குத அலுமினியம் ரெயில் ஒரு மீட்டர் இருந்தா, ஒரு டிகிரி சூடேறுனா 23 மைக்ரான், அதாவது 0.023 மில்லிமீட்டர் நீளும், லேசர் அலைநீளத்தைப் போல 36 மடங்கு. காலையில நேரா வச்ச கருவி மத்தியானம் தள்ளி நிக்கதுக்கு யாரும் தொட வேண்டாம், வெயிலே போதும். ஒளி போற பாதைக்குக் கீழ வெறும் கையை நீட்டிப் பாருங்க, கையோட சூட்டுல காத்து எழும்புத எடத்துல வளையம் நெளிஞ்சு ஓடும், அதைப் பிள்ளைங்களுக்குக் காட்டுனா கண்ணை விரிச்சுப் பாக்கும். ஆடி மாசம் செங்கோட்டை கணவாய்ல இருந்து அடிக்குத காத்துல ஜன்னல் தொறந்திருந்தா வளையம் நிக்கவே நிக்காது. சீலிங் ஃபேன் ரெண்டு விதத்துல கெடுக்கும், காத்தாலயும் அதிர்வாலயும். அதனால இந்தச் சோதனையைக் காலையில முதல் மணிக்கு வைங்கன்னு நான் ஒவ்வொரு வருஷமும் டைம்டேபிள் போடுதவங்ககிட்ட கேப்பேன், சில வருஷம் கேட்டாங்க.

எங்க லேப் ரோட்டு ஓரம், குவாரி லாரி போனா வளையம் குலுங்கும். இதுல நாங்க மட்டும் கஷ்டப்படல. 1881ல மைக்கல்சன் பெர்லின் நகரத்துல இந்தக் கருவியை வச்சப்போ வண்டி அதிர்வுல ராத்திரிகூட பாக்க முடியாம, போட்ஸ்டாம்ங்கிற ஊர்ல இருக்க வானாய்வகத்துக்குத் தூக்கிட்டுப் போனாரு. அங்கயும் 100 மீட்டர் தள்ளி ஒருத்தர் தரையில காலை ஓங்கி மிதிச்சா வரி காணாமப் போயிருமாம், அவரே எழுதி வச்சிருக்காரு. 1887ல மோர்லியோட சேந்து கிளீவ்லாண்டுல செய்யும்போது பெரிய கல்லு பலகையைப் பாதரசத்துல மிதக்க விட்டு அதுக்கு மேல வச்சாங்க. நமக்குப் பாதரசம் வேண்டாம், அது விஷம். நான் என்ன செஞ்சேன்னா, டேபிள்ல ஸ்கூட்டர் டயர் டியூப் ரெண்டை பாதிக் காத்து அடிச்சுப் படுக்கப் போட்டு, அதுக்கு மேல அடுப்படி மேடைக்குப் போடுத கடப்பாக்கல்லு ஒண்ணை வச்சு, கருவியை அதுல ஏத்துனேன். லாரி போனா முன்ன மாதிரி குலுங்கல, லேசா ஒரு நடுக்கம், உடனே நின்னுரும். கல்லு கனமா இருக்கணும், காத்து ரொம்ப அடிக்கக் கூடாது, இது ரெண்டுதான் முக்கியம்.

நான் வேலை பாத்த காலத்துல எம்.ஃபில். பிள்ளைங்க லேசரை ரெண்டு கண்ணாடியில திருப்பி தூரத்துல இருக்க ஒரு பொருள்ல கொண்டுபோய் விடணும்னு திண்டாடுவாங்க. அதுக்கு ஒரே உயரத்துல ஓட்டை போட்ட ரெண்டு அட்டை போதும், ஒண்ணு பக்கத்துல, ஒண்ணு தூரத்துல. லேசருக்குப் பக்கத்துல இருக்க முதல் கண்ணாடியால பக்கத்து ஓட்டையைச் சரிபண்ணணும், ரெண்டாவது கண்ணாடியால தூரத்து ஓட்டையைச் சரிபண்ணணும், திரும்ப முதல்ல இருந்து, திரும்ப. நாலஞ்சு சுத்துல ரெண்டு ஓட்டையிலயும் ஒளி நுழைஞ்சுரும். மாத்திச் செஞ்சா நாள் பூரா திருகுனாலும் தள்ளித் தள்ளிப் போகுமே தவிர கிட்ட வராது.

ஒளியை நிறம் நிறமா பிரிச்சுக் கோணம் அளக்குத ஸ்பெக்ட்ரோமீட்டர் கதை தனி. டெலஸ்கோப்பைத் தூரத்துல பாத்து ஃபோகஸ் பண்ணுன்னா எதிர் சுவத்தைப் பாத்து வைப்பாங்க, சுவரு தூரமே இல்ல. நான் ஜன்னல் பக்கம் தூக்கிட்டுப் போயி தூரத்துல தெரியுத பனைமர உச்சியைக் காட்டி வைக்கச் சொல்லுவேன், நம்ம பக்கம் பனைமரத்துக்கா பஞ்சம். அது சரியா வச்ச பெறவுதான் ஒளியை இணையா அனுப்புத கொலிமேட்டர் குழாய், அதுக்குப் பெறவுதான் ப்ரிசம் வைக்குத டேபிள் மட்டம், வரிசை மாறக்கூடாது. கண்ணாடி மேல வளைஞ்ச லென்ஸை வச்சுப் பாக்குத நியூட்டன் வளையத்துல நடுப்புள்ளி கறுப்பா வராம வெளிச்சமா வந்தா பெரும்பாலும் லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல தூசி இருக்கு, தொடச்சு வச்சாலே சரியாப் போவும்.

தொடைக்கதுன்னு சொன்னதும் மனசுல குத்துத ஒண்ணைச் சொல்லியே ஆவணும். வீட்டுல முகம் பாக்குத கண்ணாடியில பூச்சு பின்னால இருக்கும், இந்தக் கருவிக் கண்ணாடியில பூச்சு முன்னாலயே இருக்கும், தொட்டாலே ரேகை விழும், துணியால தொடச்சா கீறல் விழும். வேலைக்குச் சேந்த முதல் வருஷம் நான் தெரியாம ஒரு கண்ணாடியை வேட்டி நுனியால பளபளன்னு தொடச்சு வச்சேன், அதோட அந்தக் கண்ணாடி போச்சு. யாரும் என்னைத் திட்டல, ஆனா அந்தக் கண்ணாடியை நான் ரிட்டயர்டு ஆவுத வரைக்கும் என் டிராயர்லயே வச்சிருந்து புதுசா வார ஒவ்வொரு பேட்சுக்கும் காட்டுவேன். தூசின்னா ரப்பர் பல்பால ஊதணும், அதுக்கும் போகலன்னா லென்ஸ் டிஷ்யூல ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு அழுத்தாம ஒரே ஒரு இழுப்பு, திரும்ப அதே டிஷ்யூவைத் தொடவே கூடாது. இன்னொண்ணு ஆயுத பூசை. பூசை போடணும், நான் 31 வருஷமும் பொரி கடலை வச்சு மனசாரப் போட்டவன். ஆனா சந்தனம் குங்குமத்தைக் கருவியோட அடிப்பலகையில வைங்க, மரப்பெட்டியில வைங்க, கண்ணாடியிலயும் லென்ஸ்லயும் ஸ்க்ரூ மரையிலயும் வைக்காதீங்க. காஞ்ச சந்தனம் ஸ்க்ரூ மரைக்குள்ள போயி இறுகி, திருகும்போது வெட்டி வெட்டிப் போகுத கருவியை நான் எத்தனையோ பாத்திருக்கேன். மழைக்காலத்துல லென்ஸ்ல பூஞ்சை வந்து சிலந்திவலை மாதிரி படரும், பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அது நிறம் மாறுனா சூடுபண்ணித் திரும்பப் போடணும், இதுக்கு எந்த பட்ஜெட்டும் வேண்டாம்.

பொம்பளப் பிள்ளைங்க வளையல், பையன்க வாட்ச், மோதிரம் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுத்தான் லேசர் டேபிளுக்கு வரணும். வளையல்ல பட்டுத் தெறிக்குத ஒளி எந்தப் பக்கம் போகும்னு யாரும் சொல்ல முடியாது. கீழ விழுந்த பென்சிலை எடுக்கக் குனியும்போது கண்ணு சரியா லேசர் உயரத்துக்கு வரும், அப்ப கண்ணை மூடிக்கிட்டுக் குனியணும். இதுல நான் யாரையும் விட்டதில்ல.

இதெல்லாம் எந்தப் புக்குலயும் ஒரே எடத்துல இல்ல சார். எனக்கு முன்னால இருந்த அண்ணாச்சி எனக்குச் சொன்னாரு, நான் அடுத்து வாரவங்களுக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நான் ரிட்டயர்டு ஆனப்போ என் எடத்துக்கு யாரையும் போடல. இப்ப அந்த லேப்பைத் தொறந்து மூடி கூட்டிப் பெருக்க ஒரு தம்பி இருக்கான், தினக்கூலி, நல்ல பையன், ஆனா அவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? இப்ப இருக்க வாத்தியாருங்களையும் நான் குறை சொல்லல, வகுப்பு, பேப்பர் திருத்தம், ஆன்லைன்ல ஏத்துத வேலைன்னு அவங்களுக்கு மூச்சு விட நேரமில்ல. ஒரு கருவியோட ஒரு நாள் பூரா உக்காரதுக்குன்னே ஒரு ஆளு வேணும். அந்த வேலைக்கு ஆள் எடுங்கன்னுதான் அந்தத் தகப்பனாரும் நானும் சேந்து கேக்கணும். புது கருவி அதுக்குப் பெறவு கேப்போம்.

பரீட்சை முறையையும் மாத்தணும். இப்ப என்ன நடக்குதுன்னா முந்தின நாள் ராத்திரியே எல்லாத்தையும் நேரா வச்சு, தொடாதே தொடாதேன்னு சொல்லி, பிள்ளை வந்து ரீடிங் மட்டும் எடுத்துட்டுப் போகுது. நானே அப்படி வச்சுக் கொடுத்திருக்கேன், அது சரியில்லன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன், ஏன்னா மார்க்கு ரீடிங்குக்குத்தான். அலைன்மென்ட் பண்ணதுக்குன்னு தனியா மார்க்கு போடுங்க, ரீடிங் வரலன்னாலும் எங்க தப்புன்னு கண்டுபிடிச்சு எழுதுனா அதுக்கும் மார்க்கு போடுங்க. ஒவ்வொரு கருவிக்கும் நூலால கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டு வேணும், இன்னைக்கு லேசர் உயரம் எவ்வளவு, எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் எத்தனை சுத்து திருகுனேன், என்ன மாறுச்சுன்னு எழுதணும். பத்து ரூவா நோட்டு. நான் அப்படி எழுதி வச்ச நோட்டு நான் வரும்போது லேப்ல ஆறு இருந்துச்சு, இப்ப இருக்கான்னு கேட்டுப் பாக்கணும்.

நம்ம மண்ணு ஒண்ணும் இதுக்குப் புதுசு இல்ல. சி.வி. ராமன் கூட இருந்து வேலை பாத்த கே.எஸ். கிருஷ்ணன் 1898ல வத்திராயிருப்புல பிறந்தவரு, அன்னைக்கு அந்த ஊரு திருநெல்வேலி ஜில்லாவுலதான் இருந்துச்சு. சூரிய வெளிச்சத்தையும் கலர் ஃபில்ட்டரையும் வச்சுக்கிட்டு கண்ணால பாத்துப் பாத்து 1928 பிப்ரவரி 28ல ராமன் விளைவுங்கிற கண்டுபிடிப்புக்கு வந்து சேந்தாங்க, அந்த நாளைத்தான் இப்ப தேசிய அறிவியல் தினமா கொண்டாடுதோம். 2015 செப்டம்பர் 14ல ஈர்ப்பு அலையைப் பிடிச்ச லைகோ கருவி இருக்கு பாருங்க, ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளம், அதோட அடிப்படையும் நம்ம லேப்ல துணி போட்டு மூடி வச்சிருக்க இதே மைக்கல்சன் அமைப்புதான். அது மாதிரி ஒண்ணை மகாராஷ்டிராவுல ஹிங்கோலி மாவட்டத்துல கட்டுததுக்கு 2023ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கு. அதுக்கு அலைன்மென்ட் தெரிஞ்ச ஆளுங்க வேணும், நிறைய வேணும். நாங்குநேரி, ராதாபுரம், சேரன்மகாதேவி பிள்ளைங்க அங்க போகணும்னு எனக்கு ஆசை. இன்டர்வியூல கண்ணாடி ஸ்க்ரூவைத் திருகியிருக்கியான்னு கேட்டா அந்தப் பிள்ளை சீனியர் ரெக்கார்டைப் பாத்து எழுதுனேன்னா சொல்லும்?

அந்தத் தகப்பனாருக்கு ஒண்ணு சொல்லிக்கிடுதேன். உங்க மக படிக்க காலேஜ்ல துறைத்தலைவர் சம்மதிச்சா நான் வாரேன், பஸ் காசுகூட வேண்டாம், வெள்ளை அட்டையும் ஸ்கேலும் என் பையில இருக்கு. கடிதம் இந்தப் பேப்பர் மூலமாவே போட்டா எனக்கு வந்து சேந்துரும். அதுவரைக்கும் பாப்பாகிட்ட சொல்லுங்க, துணியை எடுத்துட்டு எந்த ஸ்க்ரூவையும் தொடாம, லேசரை அரைமணி நேரம் எரிய விட்டு, பக்கத்துலயும் தூரத்துலயும் உயரத்தை மட்டும் அளந்து ஒரு நோட்டுல எழுதி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
பாளையங்கோட்டை.